நம் வீட்டு இரட்டைக் குவளை



இந்த இதழ் இரண்டு மாதம் தாமதமாக உங்கள் கைக்கு வருகிறது. காகித விலை, அச்சுக்கூலி, வராத சந்தா என்று ஒவ்வொரு தடவையும் சொல்லும் காரணங்கள் இந்தத் தடவையும் உண்டு. ஆனால் உண்மையான காரணம் அவை இல்லை. இந்த இரண்டு மாதமும் என் சின்னம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுமாக இருந்தேன். தலையங்கத்தில் சொந்தக் கதை எதற்கு என்று கேட்கலாம். சொந்தக் கதை என்று நாம் இதுவரை ஒதுக்கி வைத்தவை பெரும்பாலும் நம் பெண்களின் கதைகளாகவே இருந்திருக்கின்றன. அதனால்தான் எழுதுகிறேன். எழுதலாமா என்று அவரையே கேட்டேன். "எழுது. பேரு மட்டும் போடாத" என்றார்.

செஞ்சியில் ஒரு வங்கியில் நான் குமாஸ்தா. நகைக்கடன் கவுண்ட்டர் என் பொறுப்பு. நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் சின்னம்மா வரிசையில் நின்றார். காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். என்னாத்துக்கு சின்னம்மா என்றேன். "ஓடு மாத்தணும்பா, மழைக்கு ஒழுவுது" என்றார். மதிப்பீட்டாளர் உரசிப் பார்த்து எடை போட்டார். 'நோக்கம்' என்ற கட்டத்தில் 'குடும்பச் செலவு' என்று நானே எழுதி, பணத்தை எண்ணிக் கொடுத்தேன். அடுத்தவன் நிலத்தில் முப்பது வருடம் நாற்று நட்டுச் சேர்த்த பொன் அது. பணம் ஓட்டுக்குப் போகவில்லை. பஸ்ஸுக்கும் ஸ்கேனுக்கும் மருந்துக்கும் போயிருக்கிறது. ஒரு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

கருப்பை என்ற சொல்லை என் கவிதைகளில் எத்தனையோ இடத்தில் எழுதியிருக்கிறேன். மண்ணின் கருப்பை, கலகத்தின் கருப்பை என்றெல்லாம். மாதவிலக்கு நின்று மூன்று வருடம் ஆன என் சின்னம்மாவுக்கு மறுபடி ரத்தம் படுகிறது என்பதை மட்டும் நான் கேட்டதில்லை. அவரும் சொல்லவில்லை. மருமகளிடம் சொன்னார், அது 'சூடு' என்றார்கள். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கித் தின்றார். ஊசி போடுகிறவரிடம் ஊசி போட்டுக்கொண்டார். ஒன்றரை வருடம் போயிற்று. கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்றார்கள். அறுவை செய்யும் கட்டம் தாண்டிவிட்டது. இருபத்தைந்து நாள் கதிர்வீச்சு, வாரம் ஒருமுறை மருந்து, பிறகு உள்ளே கருவி வைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சு. எல்லாவற்றையும் ஒரு நாள் விடாமல் முடித்தார். நோய்க்கான அறிகுறி இல்லை என்று சீட்டில் எழுதினார்கள். சின்னம்மா பிழைத்துவிட்டார். இது மூன்று வருடத்துக்கு முன்பு.

இந்த மூன்று வருடத்தில் எத்தனையோ தடவை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். திண்ணையில் உட்கார்ந்திருப்பார். நல்லாருக்கியா என்பேன். நல்லாருக்கேன்பா என்பார். இரண்டு மாதத்துக்கு முன்னால் அவருடைய இடது கால் வீங்கிக் காய்ச்சலும் வந்ததால் கூட்டிப்போகப் போயிருந்தேன். டீ வந்தது. எனக்கும் சித்தப்பாவுக்கும் எவர்சில்வர் டம்ளர். சின்னம்மா திண்ணை மாடத்திலிருந்து விளிம்பு நசுங்கிய அலுமினியக் குவளையை எடுத்து நீட்டினார். மருமகள் கொஞ்சம் உயரத்திலிருந்து டீயை ஊற்றினாள்.

தோழர்களே, இந்தக் காட்சியை நாம் எங்கே பார்த்திருக்கிறோம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என் சித்தப்பா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, எல்லோருக்கும் கொடுக்கும் கிளாஸில் டீ கேட்டதற்காக இளவயதில் அடிபட்டவர். முதுகில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அவர் வீட்டுச் சுவரில் அண்ணல் அம்பேத்கர் படம் இருக்கிறது. அந்தப் படத்துக்குக் கீழேதான் இந்தக் குவளை.

அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சுலபம். நான் கேட்டபோது அவர் சொன்னதையும் கேளுங்கள். "தொத்திக்கும்னாங்க தம்பி. கரண்ட்டு வெச்சாங்க இல்ல, அது ஒடம்புலயே இருக்குமாம். பசங்க இருக்குற வூடு." யார் சொன்னது என்றேன். "எல்லாரும்தான் சொன்னாங்க." டாக்டர் என்ன சொன்னார்? "அவங்க எங்கிட்ட ஒண்ணும் பேசலியே. சீட்டு குடுத்தாங்க. இங்கிலீசுல இருந்துச்சி."

இருபத்தைந்து நாள் கூடவே போய் வராந்தாவில் உட்கார்ந்திருந்த மனிதரிடம் யாரும் ஐந்து நிமிடம் பேசவில்லை. அந்த ஐந்து நிமிடத்தில் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதிவிடுகிறேன். புற்றுநோய் தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே பாயில் படுத்தாலும், கணவனோடு சேர்ந்தாலும் தொற்றாது. வெளியிலிருந்து வைக்கும் கதிர்வீச்சு மெஷின் நின்றதும் நின்றுவிடுகிறது. உள்ளே வைக்கும் கதிர்வீச்சும், கருவியை வெளியே எடுத்துவிட்டால் உடம்பில் தங்குவதில்லை. பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை.

இன்னொரு பேச்சும் ஊரில் உண்டு. இது 'அந்த மாதிரி' பெண்களுக்கு வரும் நோய் என்பது. படித்தவர்கள் அதையே வேறு மாதிரி சொல்வார்கள். ஏழ்மை, இளவயதுத் திருமணம், அதிகப் பிரசவம் என்ற பட்டியலோடு 'சுத்தமின்மை' என்று ஒரு சொல்லையும் மருத்துவப் புத்தகங்கள் வெகுகாலம் எழுதி வந்தன. நம்மைப் பார்த்து அசுத்தம் என்று சொல்வதற்கு இந்த நாட்டில் காரணம் தேட வேண்டியதில்லை. கோயில் வாசலில் சொன்னதை மருத்துவமனை வாசலிலும் சொன்னார்கள். உண்மை வேறு. இந்தப் புற்றுநோய் அநேகமாக எல்லாமே ஹெச்.பி.வி. என்ற வைரஸால் வருகிறது. எண்பதுகளில் இதைக் கண்டுபிடித்த ஜெர்மானியர் ஹரால்ட் சூர் ஹாசனுக்கு 2008இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். உடலுறவு கொள்ளும் ஆண், பெண் பெரும்பாலோருக்கும் வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வந்து போகிறது. ஒரே ஒரு கணவனோடு வாழ்ந்த பெண்ணுக்கும் வரும். பெரும்பாலும் உடம்பே அதை விரட்டிவிடும். சிலருக்கு மட்டும் தங்கிப் பதினைந்து இருபது வருடத்தில் புற்றாக மாறுகிறது. அத்தனை வருடத்தில் ஒருமுறை பரிசோதனை செய்திருந்தால் தடுத்திருக்கலாம். ஒழுக்கமும் சுத்தமும் இதில் எங்கே வந்தன? பரிசோதிக்க யாரும் வரவில்லை என்பதுதான் விசயம்.

அந்தப் பரிசோதனைக்குப் பெரிய எந்திரம்கூட வேண்டாம். நீர்த்த வினிகரைக் கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால் மாறுபட்ட இடம் வெள்ளையாகத் தெரியும். பயிற்சி பெற்ற நர்ஸ் செய்யலாம். 2000இல் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் இதை வைத்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். 30 முதல் 59 வயதுவரை உள்ள 49,000 பெண்களைச் சோதனைக்கு அழைத்தார்கள். அழைக்கப்பட்ட ஊர்களில் இந்த நோயால் ஏற்பட்ட சாவு 35 சதவீதம் குறைந்திருந்ததாக 2007இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சோதனைக்கு அழைக்காமல் விட்ட 30,000 பெண்கள் யார், அவர்களை விட்டது நியாயமா என்ற கேள்வி தனியாக நிற்கிறது. அந்த ஆய்வு முடிந்து இத்தனை காலத்துக்குப் பிறகும், 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் 9.8 சதவீதம் பேர்தான் ஒருமுறையாவது இந்தச் சோதனை செய்துகொண்டவர்கள். நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. இந்தியா முழுவதற்கும் 1.9 சதவீதம். நாமே முன்னணி மாநிலம் என்று இதற்கும் மார்தட்டலாம். இந்தியாவில் 2022இல் மட்டும் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்த நோய் வந்தது. ஏறத்தாழ 80,000 பேர் செத்தார்கள்.

செத்தவர்களுக்காவது ஒரு கணக்கு இருக்கிறது. பிழைத்தவர்களைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

இடுப்புப் பகுதிக்குக் கதிர்வீச்சு கொடுத்த பிறகு ஒரு பெண்ணின் உடம்பில் என்னென்ன நடக்கிறது? வயது குறைந்தவளானால் சூலகம் செயலிழந்து மாதவிலக்கு ஒரேயடியாக நின்றுவிடுகிறது. உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கிறது. எலும்பு தேய்கிறது. யோனி சுருங்கி உலர்ந்து ஒட்டிக்கொள்கிறது. அதைத் தடுக்க விரல் பருமனுள்ள ஒரு கருவியை வாரத்தில் சில முறை பயன்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் உறவு மட்டுமல்ல, பின்னாளில் டாக்டர் உள்ளே சோதித்துப் பார்ப்பதும் முடியாமல் போகும். இதை நம் பெண்களிடம் யார் சொல்கிறார்கள்? சொல்ல வெட்கப்படுகிறவர்கள் சீட்டைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். சிலருக்கு ஒன்றிரண்டு வருடம் கழித்து மலத்திலோ சிறுநீரிலோ ரத்தம் வரும். நோய் திரும்பிவிட்டதென்று பயந்து வெளியே சொல்லாமல் கிடப்பார்கள். அது கதிர்வீச்சின் பின்விளைவாகவும் இருக்கலாம், போய்க் காட்டினால் மருந்து உண்டு. சிலருக்குச் சிறுநீர்ப் பைக்கும் யோனிக்கும் இடையே ஓட்டை விழுந்து சிறுநீர் ஓயாமல் கசியும். நாற்றம் வரும். நாற்றம் வந்தால் என்ன நடக்கும் என்று எழுதத் தேவையில்லை.

கால் வீக்கத்துக்கு வருகிறேன். இடுப்பிலுள்ள நிணநீர்க் கணுக்களை அறுவை எடுத்துவிட்டாலும் கதிர்வீச்சு சேதப்படுத்தினாலும் நீர் வடியாமல் கால் வீங்கும். ஊரார் யானைக்கால் என்பார்கள். இது யானைக்கால் இல்லை. காலைத் தினமும் கழுவித் துடைத்து வெடிப்பு விழாமல் எண்ணெய் பூசி, உயர்த்தி வைத்து, முறையாகக் கட்டுப்போட்டு, சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்தால் கட்டுக்குள் இருக்கும். காலில் சிறு காயம்கூடப் படக்கூடாது, பட்டால் கிருமி புகுந்து காய்ச்சல் வரும். இப்போது நாற்று நடும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். முழங்கால் சேற்றில் வெறுங்காலோடு எட்டு மணி நேரம். சின்னம்மா குணமான ஆறாவது மாதமே நடவுக்கு இறங்கிவிட்டார். தோடு அடகில் இருந்தது, வட்டி ஏறிக்கொண்டிருந்தது. அந்த வட்டிச் சீட்டையும் அனுப்பியவன் நான்தான்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை மருத்துவச் செலவை அது ஏற்கிறது. நல்ல திட்டம். சின்னம்மா உயிரோடு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் நோயாளி மருந்தை மட்டும் தின்று வாழ்வதில்லை. செஞ்சியிலிருந்து கதிர்வீச்சுக்குப் போக வேண்டுமானால் புதுச்சேரி ஜிப்மர், காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனை, இல்லாவிட்டால் சென்னை. வாரத்தில் ஐந்து நாள், ஐந்து வாரம். மெஷினுக்கு அடியில் படுப்பது சில நிமிடம், பஸ்ஸில் அரை நாள். கூடவே வருகிறவருக்கும் கூலி போயிற்று. மொத்தச் சிகிச்சையும் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும், தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் குணமாகும் வாய்ப்பைக் குறைக்கிறது. காசில்லாமல் ஒரு வாரம் போகாமல் நின்றுவிடும் பெண் தன் உயிரிலிருந்துதான் அந்த வாரத்தைக் கழித்துக்கொள்கிறாள். புற்றுநோயாளிக்கு ரயிலில் தூங்கும் வசதிப் பெட்டியில் முழுக் கட்டணச் சலுகை உண்டு. செஞ்சிக்கு ரயில் கிடையாது. 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. புதுச்சேரிக்குப் போவது டவுன் பஸ் இல்லை.

2025 ஜூலையில் நம் செஞ்சிக் கோட்டையை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. மராட்டியர்களின் பன்னிரண்டு கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். ராஜகிரியையும் கிருஷ்ணகிரியையும் பார்க்க உலகம் வரட்டும். அங்கேயே சக்கிலி துர்க்கம் என்று ஒரு சின்னக் குன்றும் இருக்கிறது, அதையும் யாராவது காட்டட்டும். முந்நூறு வருடத்துக்கு முன்னால் நடந்த சண்டையில் மிஞ்சிய கல்லைப் பராமரிக்கத் திட்டம் போட முடிகிற நாட்டில், மூன்று வருடத்துக்கு முன்னால் சாவோடு சண்டையிட்டு மீண்ட பெண்ணைப் பராமரிக்கவும் திட்டம் போட முடியும் என்றுதான் சொல்கிறேன்.

முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. அடையாறில் 1954இல் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பெண்ணின் உடம்பைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட தேவதாசி மரபில் வந்த தாய்க்குப் பிறந்தவர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் பெயரில் தமிழக அரசு ஒரு மகப்பேறு உதவித் திட்டம் நடத்துகிறது. ஏழைக் கர்ப்பிணிக்குப் பணமும் பொருளுமாக 18,000 ரூபாய். கர்ப்பப்பை பிள்ளை சுமந்தால் அந்தப் பெண்ணுக்கு ஓய்வும் சத்தும் வேண்டும் என்பது அரசுக்குப் புரிகிறது. அதே கர்ப்பப்பை நோயில் விழுந்தால் அந்தப் பெண்ணுக்கு ஓய்வும் சத்தும் வேண்டாமா? பிள்ளை பெறுகிறவரைக்கும்தான் அவள் மனுசியா? 1928இல் பம்பாய் சட்டசபையில் மகப்பேறுச் சலுகை மசோதாவை ஆதரித்துப் பேசிய அண்ணல், உழைக்கும் பெண்ணின் ஓய்வுக்கான செலவைப் பொதுக் கணக்கில் ஏற்க வேண்டும் என்று வாதாடினார். அந்த வாதத்தை நோயிலிருந்து மீளும் பெண்ணுக்கும் நீட்டுவதுதான் நாம் செய்ய வேண்டியது.

நம்முடைய உடம்பு மருத்துவத்துக்கு எப்போதும் தேவைப்பட்டிருக்கிறது. 1951இல் அமெரிக்காவில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண், ஐந்து பிள்ளைகளின் தாய், இதே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் 31 வயதில் செத்தார். அவரைக் கேட்காமலே எடுத்த செல்கள் உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் இன்றும் வளர்கின்றன, பலருக்குப் பணமும் புகழும் தந்தன. குடும்பத்துக்கு இருபது வருடம் கழித்துத்தான் செய்தியே தெரிந்தது. இங்கே 2009இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் ஹெச்.பி.வி. தடுப்பூசி ஆய்வில் பழங்குடிச் சிறுமிகளுக்காகப் பெற்றோர் போட வேண்டிய கையெழுத்தை விடுதிக் காப்பாளர்கள் போட்டார்கள். 2013இல் நாடாளுமன்றக் குழுவே அதைக் கண்டித்தது. தடுப்பூசி நல்லது. நம் பெண் பிள்ளைகளுக்கு அது கட்டாயம் கிடைக்க வேண்டும். 14 வயதுச் சிறுமிகளுக்குப் போடப்போவதாக 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்ததை வரவேற்கிறோம். ஆனால் தாயிடம் சொல்லி, புரியவைத்து, கேட்டுப் போட வேண்டும்.

எனவே நாம் கேட்பவை இவை:

கதிர்வீச்சு நடக்கும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வெளியூர்ப் பெண்ணும் துணைக்கு வருகிறவரும் இலவசமாகத் தங்கிச் சாப்பிட இடம் வேண்டும்.

சிகிச்சை நாட்களுக்கும் அதற்குப் பின் ஆறு மாதத்துக்கும் இழந்த கூலி, மகப்பேறு உதவி போலவே, நேராக அவள் கணக்குக்கு வர வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும் சீட்டு தமிழில் இருக்க வேண்டும். அனுப்புவதற்கு முன் ஒரு பெண் ஆலோசகர் அவளோடு தனியாகவும் கணவனோடும் உட்கார்ந்து பேச வேண்டும்.

செஞ்சி அரசு மருத்துவமனையில் மாதம் ஒரு நாளாவது, சிகிச்சை முடிந்த பெண்களுக்கென்று தனியாக, கால் வீக்கத்துக்குப் பயிற்சியும் கட்டும், வலிக்கு மருந்தும் கிடைக்க வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறை மருத்துவமும் வலி தணிப்புச் சிகிச்சையும் உண்டு. அதை இந்தப் பெண்களின் வாசல்வரை கொண்டுவர வேண்டும்.

வினிகர் சோதனை காலை பத்து மணிக்கு நடந்தால் களையெடுக்கப் போனவள் எப்படி வருவாள்? அவள் வேலை முடிந்து வரும் நேரத்தில், சேரியிலேயே நடத்த வேண்டும்.

இவையெல்லாம் அரசிடம் கேட்பவை. அரசு தரும்வரை குவளை மாடத்திலேயே இருக்கட்டுமா? கோழிக்கோட்டில் 1993இல் வலி தணிப்புக்கென்று ஒரு சிறு சங்கம் தொடங்கியது. பிறகு அக்கம்பக்கத்து மனிதர்கள், மாணவர்கள், கூலிக்காரர்கள் வாரத்தில் சில மணி நேரம் நோயாளி வீட்டுக்குப் போய்ப் புண் கழுவவும் பேசவும் பழகினார்கள். அது கேரளம் முழுக்கப் பரவியது. 2008இல் அரசே அதைத் தன் கொள்கையாக ஏற்றது. நாற்றம் வருகிறது என்று நகர்ந்துகொள்ளாமல், நாற்றத்துக்கும் மருந்து உண்டு என்று கேட்டு வாங்கி வருவது இயக்க வேலை இல்லையா? நம் வாசகர் வட்டங்கள் இருபது ஊரில் இருக்கின்றன. ஒவ்வொரு ஊரிலும் இப்படித் திண்ணைக்குத் தள்ளப்பட்ட பெண் இருக்கிறாளா என்று போய்ப் பாருங்கள். ஆண் தோழர்கள் ஆண்களோடு பேசுங்கள், பெண் தோழர்கள் பெண்களோடு பேசுங்கள். அடுத்த பரிசோதனைக்குத் துணைக்குப் போங்கள். முதல் இரண்டு வருடம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, பிறகும் ஐந்து வருடம்வரை தவறாமல் போக வேண்டும். நாள் நினைவில் வைத்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தாலே பாதிப் பாரம் குறையும்.

சித்தப்பாவை இந்தத் தடவை ஆஸ்பத்திரிக்குக் கூடவே அழைத்துப் போனேன். வேறு ஆஸ்பத்திரி. ஒரு நர்ஸம்மா அவரை உட்காரவைத்துத் தமிழில் எல்லாம் சொன்னார். வரும் வழியில் அவர் ஒன்றும் பேசவில்லை. பஸ் செஞ்சிக்குள் வந்து கோட்டை தெரிந்தபோது, "எனக்கு இது யாரும் சொல்லல தம்பி" என்று மட்டும் சொன்னார். சின்னம்மாவின் கட்டில் இப்போது வீட்டுக்குள் இருக்கிறது. மருமகள் இன்னும் தயங்குகிறாள். அவளோடும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது சின்னம்மா என்னிடம் சொன்னது இது: "நல்லாயிட்டன்னு டாக்டரு எப்பவோ சொல்லிட்டாரு. வூட்டுலதான் இன்னும் யாரும் சொல்லல."

போய்ச் சொல்லுங்கள் தோழர்களே. உங்கள் வீட்டிலும் மாடத்தில் ஒரு குவளை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். பெயர் போடாமல் வெளியிடுகிறோம். சந்தாவையும் அனுப்புங்கள்.

ஆசிரியர் குழுவுக்காக,
செஞ்சியிலிருந்து.